வாய்க்குள் ஓர் உலகம்

'நாயைக் கொஞ்சினால் வாயை நக்கும்' என்பது தமிழ்நாட்டில் வழங்கும் பழமொழி. ஒருவருக்கு அளவுக்கு மீறி இடங்கொடுத்தால் அவர் எல்லை மீறுவார் என்பது அதன் பொருள். பழமொழி மனிதரைப் பற்றியது. எனினும் அதில் வரும் காட்சி உண்மையானது. நாய் தன் அன்பை நாவினால் காட்டும் இயல்புடையது. அந்த நாவிலும் பற்களிலும் ஈறுகளிலும் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் கோடிக்கணக்கில் வாழ்கின்றன. அவ்வுயிர்களைப் பற்றியும், அவற்றை அறியாமல் ஒரு சிறுவன் மறைத்த சிறு காயத்தைப் பற்றியும் இப்பாடம் கூறுகிறது.

நுண்ணுயிரியால் பிறந்த ஊர்

பெங்களூரு மாநகரில் கண்டோன்மென்ட் எனப்படும் பழைய படைக்குடியிருப்பை ஒட்டி அமைந்துள்ளது பிரேசர் டவுன். 1809 ஆம் ஆண்டில் ஆங்கிலேயப் படை பெங்களூரில் நிலையாகத் தங்கத் தொடங்கியது. அப்படையோடு சென்னை மாகாணத்திலிருந்து தமிழர் பலர் வந்து குடியேறினர். படைவீரராகவும் வணிகராகவும் தொழிலாளராகவும் வந்த அவர்களின் வழித்தோன்றல்கள் இன்றும் அப்பகுதியில் வாழ்கின்றனர்.

1898 ஆம் ஆண்டில் பெங்களூரைப் பிளேக் என்னும் கொள்ளைநோய் தாக்கியது. இந்நோய்க்குக் காரணம் ஒருவகைப் பாக்டீரியா. அதனை 1894 ஆம் ஆண்டில் ஹாங்காங் நகரில் அலெக்சாண்டர் எர்சின் என்னும் அறிஞர் கண்டறிந்திருந்தார். எலிகளின் உடலில் வாழும் தெள்ளுப்பூச்சிகள் அப்பாக்டீரியாவை மனிதரிடம் கொண்டு சேர்த்தன. வீடுகள் நெருங்கிக் கிடந்த பழைய தெருக்களில் நோய் விரைந்து பரவியது. ஆகவே, நெருக்கத்தைக் குறைக்கும் பொருட்டு அகன்ற தெருக்களும் காற்றோட்டமும் உடைய புதிய குடியிருப்புகள் அமைக்கப்பெற்றன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவ்வாறு உருவானதே பிரேசர் டவுன். மைசூர் மன்னர் நான்காம் கிருஷ்ணராஜ உடையாரின் இளமைக்கால ஆசிரியராக இருந்த ஸ்டூவர்ட் பிரேசரின் பெயர் அதற்குச் சூட்டப்பெற்றது. இன்று அரசு வழக்கில் அது புலிகேசி நகர். கண்ணுக்குத் தெரியாத ஓர் உயிர் ஒரு நகரின் தெருக்களையே மாற்றி அமைத்தது என்பதற்கு இவ்வூர் சான்று.

மறைக்கப்பட்ட கை

இவ்வூரில், மசூதிச் சாலைக்குப் பின்னுள்ள சந்து ஒன்றில் ஒரு தமிழ்க் குடும்பம் குடியேறியது என எண்ணிப் பார்க்கலாம். தந்தைக்குப் பெங்களூரில் வேலை கிடைத்ததால் கிருஷ்ணகிரியிலிருந்து அவர்கள் வந்தனர். அக்குடும்பத்துச் சிறுவன் ஏழாம் வகுப்பில் சேர்ந்தான். அவனுக்குக் கன்னடம் தெரியாது. தெருவில் விளையாடும் பிள்ளைகளின் பேச்சு அவனுக்கு விளங்கவில்லை. அந்நாள்களில் அவனுக்குக் கிடைத்த முதல் நட்பு, சந்தில் திரிந்த செந்நிற நாய். அதனிடம் பேசுவதற்குக் கன்னடம் வேண்டியதில்லை. அவன் அதற்கு மணி என்று பெயரிட்டான்.

ஒருநாள் ஓடும்போது விழுந்து அவன் முழங்காலில் தோல் வழன்றது. மணி அருகில் வந்து அப்புண்ணை நக்கியது. வாசலில் அமர்ந்திருந்த பாட்டி, "நக்கட்டும் விடு. நாய் நக்கினால் புண் ஆறிவிடும்" என்றார். புண்ணும் சில நாள்களில் ஆறியது.

மறுவாரம் சனிக்கிழமை மாலை. அவன் பேக்கரியில் வாங்கிய பன் ஒன்றை மணிக்குக் கொடுத்தான். வேறொரு நாய் அதனைப் பறிக்கப் பாய்ந்தது. பன்னைக் கவ்வ முயன்ற மணியின் பல் சிறுவனின் வலக்கையில் பதிந்தது. இரத்தம் சிறிதே கசிந்தது. அவன் கைக்குட்டையால் கையைச் சுற்றிக்கொண்டான்; வீட்டில் ஒருவரிடமும் சொல்லவில்லை. வசை கிடைக்கும் என்னும் அச்சம் மட்டுமன்று. மணியைத் தெருவைவிட்டுத் துரத்திவிடுவார்கள் என்பதே அவனது பெருங்கவலை.

வாயில் வாழும் உயிர்கள்

உயிரினங்களின் வாய் வெப்பமும் ஈரமும் உணவும் நிறைந்த இடம். எனவே அது பாக்டீரியாக்கள் வாழ்வதற்கு ஏற்ற வீடாக அமைகிறது. 1683 ஆம் ஆண்டில் நெதர்லாந்து நாட்டின் டெல்ப்ட் நகரத் துணி வணிகர் ஆண்டனி வான் லீவன்ஹுக், தாமே செய்த நுண்ணோக்கியில் தம் பல்லில் படிந்த வெண்ணிறப் படிவை வைத்துப் பார்த்தார். அதில் மிகச் சிறிய உயிர்கள் நீந்தித் திரிவதைக் கண்டு வியந்து, அச்செய்தியை இலண்டன் அரச கழகத்திற்குக் கடிதமாக எழுதினார். வாயில் பாக்டீரியாக்கள் வாழ்வதை மனிதர் அறிந்தது அவ்வாறே.

நாயின் வாயிலும் இத்தகைய உலகம் உண்டு. 2012 ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு, நாய்களின் வாயில் 353 வகைப் பாக்டீரியாக்களை இனங்கண்டது. அவற்றுள் ஏறத்தாழ நூற்றுக்குப் பதினாறு வகைகளே மனிதரின் வாயிலும் காணப்படுபவை. எஞ்சியவை நாய்க்கே உரியவை. 'நாயின் வாய் மனிதர் வாயைவிடத் தூய்மையானது' என்று சிலர் கூறுவர். 'நாயின் வாய் முழுவதும் நஞ்சு' என்று வேறு சிலர் கூறுவர். இரண்டும் பொருந்தா. இரு வாய்களும் வெவ்வேறு உலகங்கள் என்பதே உண்மை.

இவ்வேறுபாட்டிற்குக் காரணம் உண்டு. நாயின் உமிழ்நீர் மனிதரின் உமிழ்நீரைவிடக் காரத்தன்மை மிகுந்தது. மனிதரின் வாயில் சில பாக்டீரியாக்கள் சர்க்கரையை உண்டு அமிலத்தை உண்டாக்குகின்றன. அவ்வமிலம் பல்லைச் சொத்தையாக்குகிறது. நாய்க்குச் சொத்தைப்பல் உண்டாவது அரிது. ஆனால் காரத்தன்மையால் அதன் பற்களில் சுண்ணச்சத்து எளிதில் படிந்து பற்காரையாக இறுகுகிறது. ஈறுக்கும் பல்லுக்கும் இடையே உள்ள ஆழ்ந்த பள்ளத்தில் காற்று புகாது. அங்கே காற்றில்லாமல் வாழவல்ல பாக்டீரியாக்கள் பெருகி ஈறுகளை அரிக்கின்றன. அவை வெளியிடும் கந்தகச் சேர்மங்களே நாயின் வாய் நாற்றத்திற்கு முதன்மையான காரணம்.

நக்கினால் புண் ஆறுமா?

பாட்டி கூறியது முற்றிலும் பொய்யன்று. நாய் தன் புண்ணைத் தானே நக்கும்போது அழுக்கு அகலுகிறது. அதன் உமிழ்நீருக்குச் சிலவகைப் பாக்டீரியாக்களைக் கொல்லும் ஆற்றலும் உண்டு. நெடுங்காலம் கண்டறிந்த ஒன்றையே மக்கள் நம்பிக்கையாகப் போற்றினர்.

எனினும், உமிழ்நீர் சில பாக்டீரியாக்களைக் கொல்லும்போது வேறு பலவற்றைச் சுமந்து வருகிறது. தோல் என்பது உடலுக்குக் கோட்டை மதில். மதில் முழுமையாக இருக்கும் இடத்தில் நாய் நக்கினால், சோப்பும் நீரும் கொண்டு கழுவிவிட்டாலே போதும். மதில் உடைந்த இடமே புண். அங்கே நக்கினால், நாயின் வாயில் அடங்கி வாழ்ந்த உயிர்கள் மனிதரின் உடலுக்குள் நேரே நுழைகின்றன. சிறுவனின் முழங்கால் புண் ஆறியது அதன் போக்கில்தான். நாய் நக்கியதால் அன்று.

பல் பதிந்த இடம்

நாயின் பல் கூரியது. அது தோலின் மேல் சிறு துளையை மட்டும் உண்டாக்கினாலும், பாக்டீரியாவை ஊசிபோல ஆழத்தில் கொண்டு சேர்க்கிறது. கையில் எலும்பும் தசைநாண்களும் மூட்டுகளும் தோலுக்கு மிக அருகில் உள்ளன. ஆதலால் கையில் ஏற்படும் கடி சிறிதாயினும் கவனத்திற்குரியது.

பல நாய்களின் வாயில் பாஸ்டுரெல்லா என்னும் பாக்டீரியா வாழ்கிறது. அது நாய்க்குத் துன்பம் தருவதில்லை. மனிதரின் புண்ணில் நுழைந்தால், பெரும்பாலும் 24 மணி நேரத்திற்குள் அவ்விடம் சிவந்து, வீங்கி, வலிக்கத் தொடங்கும்.

கேப்னோசைட்டோபேகா கேனிமோர்சஸ் என்பது மற்றொரு பாக்டீரியா. நீண்ட இப்பெயரின் முதற்பகுதி, கரியமில வாயுவை விரும்பி வாழும் அதன் இயல்பைக் குறிக்கிறது. 'கேனிமோர்சஸ்' என்பதற்கு இலத்தீன் மொழியில் நாய்க்கடி என்று பொருள். இதனால் மனிதருக்கு நோய் வருவது மிக அரிது. ஆனால் மண்ணீரல் நீக்கப்பட்டவர்களுக்கும் நோய் எதிர்ப்பு ஆற்றல் குன்றியவர்களுக்கும் இது இரத்தத்தில் கலந்து உயிருக்கே ஊறு விளைவிக்கக்கூடும்.

பேசாத பகை

பாக்டீரியாவால் வரும் வீக்கம் கண்ணுக்குத் தெரியும்; வலி அதனை அறிவிக்கும். நாய்க்கடியில் வேறொரு பகையும் மறைந்திருக்கலாம். அது பாக்டீரியா அன்று, வைரஸ். வெறிநோய் கொண்ட நாயின் உமிழ்நீரில் உள்ள ரேபிஸ் வைரஸ், புண்ணின் வழியாக நரம்பை அடைந்து, அந்நரம்பைப் பற்றிக்கொண்டு மெல்ல மூளையை நோக்கிச் செல்லும். இப்பயணம் பெரும்பாலும் வாரங்களோ மாதங்களோ நீளும். அக்காலத்தில் புண் ஆறிவிடும், வலியும் இராது. மூளையை அடைந்து நோயின் குறிகள் தோன்றிய பின்னர் உயிர் பிழைப்பது அரிதினும் அரிது. வலி இல்லை என்பதனால் ஆபத்து இல்லை என்று கருதுவது எத்துணைப் பெரிய பிழை என்பதை இது காட்டுகிறது.

ஆயினும் இப்பகையை வெல்லும் வழியை மனிதர் கண்டனர். 1885 ஆம் ஆண்டு சூலை 6 ஆம் நாள், வெறிநாய் கடித்த ஜோசப் மைஸ்டர் என்னும் ஒன்பது வயதுச் சிறுவன் பாரிசு நகரில் லூயி பாஸ்டரிடம் அழைத்து வரப்பட்டான். பாஸ்டர் உருவாக்கிய தடுப்பு மருந்து அவனுக்குத் தொடர்ந்து செலுத்தப்பட்டது. சிறுவன் பிழைத்தான். பாஸ்டுரெல்லா என்னும் பாக்டீரியாவின் பெயரும் இவ்வறிஞரின் பெயரால் அமைந்ததே.

தென்னிந்தியாவில் அச்சிகிச்சை கிடைப்பதற்கு மேலும் காலம் ஆயிற்று. நீலகிரி மலையில் குன்னூரில் 1907 ஆம் ஆண்டில் பாஸ்டர் நிறுவனம் தொடங்கப்பெற்றது. அங்கே வெறிநாய்க்கடிக்குச் சிகிச்சை அளிக்கப்பட்டது. தடுப்பு மருந்தும் உருவாக்கப்பட்டது. பெங்களூரிலுள்ள நிம்ஹான்ஸ் நிறுவனம் இந்நாளில் ரேபிஸ் ஆய்வில் உலக நலவாழ்வு அமைப்புடன் இணைந்து பணியாற்றுகிறது. பாஸ்டர் மறைந்த செப்டம்பர் 28 ஆம் நாள் ஆண்டுதோறும் உலக வெறிநாய்க்கடி நோய் நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது.

சோப்பும் நீரும்

ஞாயிற்றுக்கிழமை காலை. தட்டில் இட்லி வைத்த தாய், மகன் இடக்கையால் உண்பதைக் கண்டார்.

"ஏன் கண்ணு இடக்கையால் சாப்பிடுகிறாய்?"

"ஒன்றுமில்லை அம்மா. சும்மாதான்."

தாய் அவனது வலக்கையைப் பற்றிக் கைக்குட்டையை அவிழ்த்தார். கட்டைவிரலின் அடிப்பகுதி சிவந்து வீங்கியிருந்தது. சிறுவன் அழுதுகொண்டே நடந்ததைக் கூறினான். "மணி வேண்டுமென்று கடிக்கவில்லை அம்மா. அதை விரட்டிவிடாதீர்கள்" என்றான்.

பாட்டி மஞ்சளும் சுண்ணாம்பும் எடுக்க விரைந்தார். தாய் அவரைத் தடுத்து, மகனைக் குழாயடிக்கு அழைத்துச் சென்றார். சோப்பிட்டு, ஓடும் நீரில் 15 நிமிடம் புண்ணைக் கழுவினார். ரேபிஸ் வைரசைச் சுற்றி மெல்லிய கொழுப்புறை உள்ளது. எண்ணெய்ப் பிசுக்கைச் சோப்பு கரைப்பது போலவே அவ்வுறையையும் கரைக்கிறது. உறை இழந்த வைரஸ் அழிகிறது. பாக்டீரியாக்களும் நீரோடு அகலுகின்றன. மஞ்சள், சுண்ணாம்பு, காப்பித்தூள், மிளகாய்த்தூள், எண்ணெய் முதலியவற்றைப் பூசினால் புண் மேலும் உறுத்தும், சிகிச்சையும் தாமதமாகும்.

பின்னர் அவர்கள் அரசு மருத்துவமனைக்குச் சென்றனர். மருத்துவர் புண்ணை ஆராய்ந்தார்.

"தம்பி, கடித்தவுடன் கழுவியிருந்தால் மிகவும் நல்லது. காலம் கடந்தாலும் கழுவுவதைக் கைவிடக் கூடாது. உன் அம்மா சரியாகச் செய்திருக்கிறார். அந்த நாய் இதற்கு முன் உன் புண் எதையேனும் நக்கியதுண்டா?"

சிறுவன் தயங்கினான். உடன் வந்திருந்த பாட்டியே விடை கூறினார். "நக்கியது டாக்டர். நான்தான் விடச் சொன்னேன். எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வார்கள்."

மருத்துவர் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. "பாட்டி, திறந்த புண்ணில் நாய் நக்கினால், இரத்தம் வரக் கடித்ததற்குச் சமமாகவே மருத்துவம் அதனைக் கருதுகிறது. இனி உங்கள் தெருவில் யாரேனும் அப்படிச் சொன்னால் நீங்களே இதை எடுத்துச் சொல்லுங்கள்" என்றார்.

தடுப்பூசி உடலில் எதிர்ப்பாற்றலை உண்டாக்க ஒரு வாரமோ அதற்கு மேலோ ஆகும். அதுவரை காக்கும் பொருட்டு, முன்னரே ஆயத்தமான எதிர்ப்புப் பொருள் புண்ணைச் சுற்றிச் செலுத்தப்பட்டது. வெறிநாய்க்கடித் தடுப்பூசியின் முதல் தவணையும் அன்றே போடப்பட்டது. எஞ்சிய தவணைகளுக்காக 3, 7, 28 ஆம் நாள்கள் சீட்டில் குறிக்கப்பட்டன. வீக்கத்திற்குக் காரணமான பாக்டீரியாவை அழிக்க மருந்தும் வழங்கப்பட்டது. அரசு மருத்துவமனைகளில் இத்தடுப்பூசிக்குக் கட்டணம் இல்லை.

மணியின் நிலை

"மணியை என்ன செய்வார்கள்?" என்று சிறுவன் கேட்டான்.

"பத்து நாள் அதனைக் கவனியுங்கள். நோய்க்குறியோ இறப்போ நேர்ந்தால் உடனே தெரிவியுங்கள். கவனிப்பது நல்லது, அதற்காக உன் ஊசியை நிறுத்தக் கூடாது" என்றார் மருத்துவர்.

சிறுவன் உண்மையைக் கூறியதனால் மணிக்குத் தீங்கு நேரவில்லை; நன்மையே விளைந்தது. தந்தை மாநகராட்சிக்குச் செய்தி தெரிவித்தார். தெருநாய்களைப் பிடித்து, கருத்தடை செய்து, தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே மீண்டும் விட வேண்டும் என்பது இந்திய அரசின் விதி. கருத்தடை செய்யப்பட்ட நாயின் காதோரத்தில் சிறு வெட்டு அடையாளம் இருக்கும். ஆனால் தடுப்பூசியை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டியிருப்பதால், அவ்வடையாளத்தை நம்பி ஒருவர் சிகிச்சையைத் தவிர்த்தல் கூடாது.

பத்து நாள் கழிந்தன. மணி வழக்கம்போல் சந்தில் ஓடித் திரிந்தது. சிறுவன் தவணை ஊசிகள் அனைத்தையும் போட்டுக்கொண்டான். இப்போது அவன் பன்னைக் கையில் வைத்து ஊட்டுவதில்லை. தரையில் வைத்துவிட்டு விலகி நிற்கிறான். மணி உண்ணும்போது அதனைத் தொடுவதில்லை. விளையாடி முடித்ததும் கைகழுவுகிறான். பாட்டியோ, பக்கத்து வீட்டுக் குழந்தையின் புண்ணருகே நாய் வந்தால், தமக்குத் தெரிந்த சிறிதளவு கன்னடத்தில், "பேடா, பேடா" என்று குரல் கொடுக்கிறார்.

நாயின் வாயிலுள்ள உயிர்கள் நாயின் குற்றம் அல்ல. அவை அதன் இயல்பு. அவ்வியல்பை அறிந்து பழகுவதே நாயிடம் காட்டும் உண்மையான அன்பு. நாய்க்கடி எவ்வளவு சிறிதாயினும் கழுவப்பட வேண்டும். பெரியவரிடம் சொல்லப்பட வேண்டும். சொல்லப்பட்ட காயத்திற்கு மருந்து உண்டு. மறைக்கப்பட்ட காயத்திற்கு மருந்து கிடைப்பதில்லை.

சொற்பொருள்

கொள்ளைநோய் – பெருந்திரளான மக்களைத் தாக்கிப் பரவும் நோய்
வழித்தோன்றல் – மரபில் பின்வந்தவர்
நுண்ணோக்கி – மிகச் சிறியவற்றைப் பெரிதாக்கிக் காட்டும் கருவி
பற்காரை – பல்லில் இறுகிப் படியும் கடினப் பொருள்
மதில் – கோட்டைச் சுவர்
தசைநாண் – தசையை எலும்போடு இணைக்கும் நார்
ஊறு – தீங்கு
தவணை – குறித்த கால முறை

பயிற்சி

அ. சரியா, தவறா எனக் குறிப்பிடுக.
1. நாயின் வாயிலுள்ள பாக்டீரியாக்களும் மனிதர் வாயிலுள்ள பாக்டீரியாக்களும் பெரும்பாலும் ஒன்றே.
2. ரேபிஸ் நோயை உண்டாக்குவது வைரஸ்.
3. காதில் வெட்டு அடையாளம் உள்ள நாய் கடித்தால் மருத்துவரிடம் செல்ல வேண்டியதில்லை.

ஆ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. பிரேசர் டவுன் உருவாவதற்குக் காரணமான நிகழ்வு யாது?
2. நாய்க்குச் சொத்தைப்பல் அரிதாக இருப்பது ஏன்?
3. நாய்க்கடிப் புண்ணைச் சோப்பினால் கழுவுவதன் பயன் யாது?
4. குன்னூரில் 1907 ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற நிறுவனம் எது?

இ. விரிவான விடை எழுதுக.
1. சிறுவன் காயத்தை மறைத்ததற்கு இரண்டு காரணங்கள் கூறப்படுகின்றன. அவற்றுள் எது வலியது? உண்மையைக் கூறியபின் அக்கவலை எவ்வாறு நீங்கியது?
2. 'வலி இல்லை என்பதனால் ஆபத்து இல்லை என்று கருதுவது பிழை.' பாக்டீரியாவையும் வைரசையும் ஒப்பிட்டு இக்கருத்தை விளக்குக.

ஈ. பிரித்து எழுதுக.
1. நுண்ணுயிர்  2. பற்காரை  3. கண்டறிந்து  4. செந்நிறம்

உ. செயல்திட்டம்
நாய் கடித்தால் செய்ய வேண்டியவை மூன்று, செய்யக் கூடாதவை மூன்று ஆகியவற்றைத் தமிழில் அட்டையில் எழுதுக. கன்னடம் அறிந்த நண்பரின் துணையோடு அவற்றைக் கன்னடத்திலும் எழுதி, வகுப்பறையில் தொங்கவிடுக. வீட்டிலுள்ள பெரியவர்களுக்குத் தமிழ் அட்டையைப் படித்துக் காட்டுக.